அமுச்சி ஒதுக்கிய நைலெக்ஸ்

நைலான் நூலைப் பற்றவைத்தால் ஒரு பச்சை வாடை வரும். துணிப் பரிசோதனைப் புத்தகங்களில் அதைச் செலரித் தண்டின் வாடை என்று போட்டிருப்பார்கள். நான் செலரியைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். அதனால் எனக்கு அது சென்னிமலையில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுத் திண்ணையின் வாடையாகவே தங்கிவிட்டது.

சமீபத்தில் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடையில் அந்த வாடை திரும்ப வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சிய துணிகளைக் கிலோ கணக்கில் விற்கிற கடை. தங்கச்சி மகன் கூட வந்திருந்தான். பெங்களூரில் வேலை, லீவு கிடைத்தால் மலையேற்றம். "மாமா, நீங்க துணி ஃபீல்டுலயே இருந்தவரு, எனக்கு ஹேமக் தைக்க நல்லதா ஒரு துணி எடுத்துக் குடுங்க" என்று கூட்டிவந்திருந்தான்.

"என்னத்துக்குங்க துணி?" என்றார் கடைக்காரர்.

"படுக்கறதுக்குங்க."

"மெத்தை உறையா?"

"இல்லீங்க, ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுக்கறது."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார், அவனை ஒருதரம் பார்த்தார். "இந்த வயசுல தொட்டலுங்களா!" என்று சொல்லிவிட்டு அடுக்கின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிற ரோலை உருவிப் போட்டார். நைலானா பாலியெஸ்டரா என்று கேட்டேன். வாயால் பதில் சொல்லவில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து, லைட்டரைக் காட்டினார். நூல் சுருண்டு உருகி, நுனியில் பழுப்பாக ஒரு மணி திரண்டது. கறுப்புப் புகை இல்லை. அந்தப் பச்சை வாடை மட்டும். பாலியெஸ்டராக இருந்திருந்தால் கரிப்புகை எழும்பி, இனிப்பாக ஒரு நெடி அடித்து, கறுத்த மணி விழுந்திருக்கும்.

அந்த வாடையை முதலில் முகர்ந்தது தங்கச்சி பிறந்தபோது. அம்மா பிரசவத்துக்குச் சென்னிமலைக்குத் தாய்வீடு போயிருந்தாள், நானும் கூடவே. அப்புச்சி குழித்தறியில் பெட்ஷீட் நெய்வார். அமுச்சி ராட்டையில் தார் சுற்றுவாள். விடிகாலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள். அந்த வேலை முடிகிறவரை நாங்கள் பிள்ளைகள் குறுக்கே ஓடக்கூடாது. வீட்டில் யார் துணியைத் தொட்டாலும் முதலில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்ப்பார்கள். கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர் சேலையைக்கூட அப்படித்தான். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

சித்தி அப்போது புதுசாக ஒரு நைலெக்ஸ் சேலை வாங்கியிருந்தாள். பெரிய பெரிய பூப்போட்டது. அந்தக் காலத்தில் நைலெக்ஸ் கட்டினால் பவுசு, துவைத்துக் கொடியில் போட்டால் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். அக்கா குழந்தைக்குத் தொட்டில் கட்ட அதையே தருகிறேன் என்று ஆசையாகக் கொண்டுவந்தாள். அமுச்சி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு நூலை உருவி, சிம்னி விளக்கின் சுடரில் காட்டினாள்.

"பாத்தயா, உருகுது. எரியற துணி சாம்பலாகோணும், இப்படிச் சொட்டப்படாது."

"அதுக்கென்னம்மா, பட்டு மாதிரி இருக்குதுல்ல?"

"இருந்துட்டுப் போவுது. கொழந்தைக்கு இது ஆகாது கண்ணு. முடிச்சு நிக்காது, வழுக்கும். மூத்திரம் பேஞ்சா அப்படியே கீழ ஒழுகும். மேலுக்குக் காத்து வாங்காது."

சித்தி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டாள். அமுச்சி அலமாரியின் அடித்தட்டிலிருந்து அம்மாவின் பழைய சேலைகளை எடுத்தாள். எல்லாம் 80-ஆம் நம்பர் நூல், வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்துக் கஞ்சி முழுக்கப் போனவை. ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மடிப்பு விழுந்த இடங்களில் பாவு நூல் தேய்ந்து வெளிச்சம் கோடாகத் தெரியும், அது தெரிந்தால் அந்தச் சேலை கரித்துணிக்குப் போய்விடும். தேறியதை இரண்டு கையாலும் பிடித்துச் சடாரென்று ஓர் இழு இழுத்து, சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு தன் கன்னத்தில் தேய்த்தாள். கடைசியில் என் கன்னத்திலும்.

விட்டத்துக் கயிற்றில் சேலையை முடிந்து, இரண்டு பக்கமும் விரிந்து நிற்க நடுவில் தொட்டில் கட்டையைச் செருகியதும் குழந்தையைப் போட்டுவிடவில்லை. முதலில் அம்மிக்குழவியைப் போட்டு ஆட்டினாள். எங்கள் பக்கம் சாஸ்திரம் என்றுதான் சொல்வார்கள். குழவி கொஞ்ச நேரம் ஆடட்டும் என்று விட்டுவிட்டு, முடிச்சு எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சாஸ்திரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்து திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணித் தரம் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். அங்கே கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பதற்கெல்லாம் இடமில்லை. வட்டமாக ஒரு ஜிஎஸ்எம் கட்டர் இருக்கும். துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டியெடுக்கும். அதைச் சின்னத் தராசில் போட்டு, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. 1.80 காட்டினால் 180 ஜிஎஸ்எம். பஞ்சு பறக்கிற அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடை பார்ப்போம்.

பருத்தி நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 840 கெஜச் சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதுதான் அந்த நம்பர். நைலானுக்குப் போடுகிற டீனியர் கணக்கு நேர் எதிர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டீனியர், ஏற ஏறப் பருமன். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் இதில் குழம்பாமல் இருந்ததில்லை. அமுச்சியிடம் ஒருமுறை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தனை கணக்கும் போட்டு, கடைசில தொட்டுப் பாத்துத்தான வாங்கறீங்க?" என்றாள். அப்போது வந்த வெளிநாட்டு பையர்கள் நிஜமாகவே அப்படித்தான் செய்தார்கள். ரிப்போர்ட்டைப் புரட்டுவார்கள், கை மட்டும் துணியை விடாது.

அந்த நைலானுக்கும் பெரிய சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு 1935-இல் உருவாக்கியது. 1938-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள், 1940-இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்து அடிதடியாக விற்றது. அதற்குள் யுத்தம். ஜப்பான் பட்டு வரத்து நின்றுபோக, நைலான் முழுக்கப் பாராசூட் மாதிரியான யுத்தத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. கிழிசல் ஓரிடத்தில் தொடங்கினால் ஓடாமல் நிற்கட்டும் என்று சில மில்லிமீட்டருக்கு ஒரு பருத்த இழையைக் குறுக்கும் நெடுக்கும் கொடுத்து நெய்கிற ரிப்ஸ்டாப் அந்தத் தேவையில் வந்ததுதான். இன்றைக்கும் நம் ஊரில் மெல்லிசான நைலான் எதைக் கண்டாலும் பாராசூட் துணி என்பது வழக்கம். சித்தியின் நைலெக்ஸும் ஒருவகையில் அந்தப் பரம்பரைதான். இதை அவளிடம் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் பவுசு காட்டியிருப்பாள்.

காதர்பேட்டைக் கடையில் மாப்பிள்ளை செல்போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். எல்லாம் அவுன்ஸ் கணக்கு. அமெரிக்காவில் ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று விற்பார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். அவன் கண் 1.1 அவுன்ஸில் இருந்தது, 37 ஜிஎஸ்எம். கடைக்காரரிடம் அந்தக் கனத்திலும் ஒரு ரோல் இருந்தது. விரித்தபோது கீழே கிடந்த பேப்பரின் தலைப்பு எழுத்து மேலே தெரிந்தது.

"உன் எடை எவ்வளவு மாப்ளே?"

"எழுபத்தெட்டு மாமா."

"இத ரெட்டையா போட்டாப் படுக்கலாம். ஒத்தையில உம்பட கட்டைவிரல் நகமே இதுக்கு எமன்."

மலை ஏறுகிறவர்களுக்குப் பை எடையில் ஒரு பித்து உண்டு. பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. 37 ஜிஎஸ்எம்முக்கும் அதைவிடக் கனமான 54 ஜிஎஸ்எம்முக்கும் உள்ள வித்தியாசம் பதினோரு அடி ஹேமக்கில் 85 கிராம். அவன் பையில் இருந்த பவர்பேங்க் மட்டும் அதைப்போல நாலு பங்கு இருக்கும். சொன்னேன். சிரித்தான், ஆனால் பட்டியலை மூடவில்லை.

அடுத்து அவனுக்குப் பிடித்தது குடைத்துணி. 190டி டஃபெட்டா, நல்ல ஆரஞ்சு நிறம், அடிமாட்டு விலை. 190டி என்றால் ஓர் அங்குலத்தில் பாவும் ஊடையுமாக மொத்தம் 190 இழை, அது நெருக்கமான துணிதான். பிரச்சினை பின்புறம். துணியை வாயில் பொத்தி ஊதச் சொன்னேன். கன்னம்தான் உப்பியது, மறுபக்கம் வைத்த உள்ளங்கைக்குக் காற்று வரவில்லை. மழை இறங்காமல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். குடைக்கு அது நல்லது. மேலே கட்டுகிற தார்ப்பாய்க்கும் நல்லது. அதில் படுத்தால் உடம்பு ஆவி வெளியே போக வழியில்லாமல் விடியும்போது முதுகு நனைந்திருக்கும். மேலுக்குக் காத்து வாங்காது என்று அமுச்சி சொன்னதைத்தான் கடையில் நின்று நானும் சொன்னேன், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

கடைசியில் போட்டி இரண்டு துணிக்கு நடுவே. இரண்டும் ரிப்ஸ்டாப், இரண்டும் பூச்சில்லாதவை, ஒன்று பாலியெஸ்டர், ஒன்று அந்தச் சாம்பல் நிற நைலான். எண்களை மட்டும் பார்த்தால் பாலியெஸ்டர் ஜெயிக்கும். காற்றின் ஈரத்தில் அது தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்குகூட இழுக்காது. நைலான் நாலு பங்கு இழுக்கும், இழுத்துவிட்டுக் கொஞ்சம் தொய்யும். வெயிலில் கிடந்தாலும் நைலான் சீக்கிரம் நொந்துபோகும். பருத்தி எட்டுப் பங்குக்குமேல் ஈரம் வாங்கும், ஆனால் நனைந்தால் அதன் வலு ஏறும். முக்கி நனைத்த சேலையைக் கயிறாக முறுக்கிக் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கியதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. ஆனால் ஈரப் பருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறிப் பார்த்தால் தெரியும்.

நான் நைலானைச் சொன்னேன். காரணம் விரல்தான். பாலியெஸ்டர் விறைப்பு, கசக்கினால் பேப்பர் சத்தம். நைலான் இழுத்த இழுப்புக்குக் கொஞ்சம் கொடுத்தது. குதிகால், தோள், இடுப்பு என்று உடம்பு முட்டுகிற இடங்களில் துணி அந்த அளவுக்காவது இணங்காவிட்டால் ராத்திரி முழுக்கப் புரள வேண்டியதுதான். தொய்வு நமக்கு ஆகாத இடம் மரத்தில் கட்டுகிற பட்டையில். அதற்குப் பாலியெஸ்டர் டேப்பு, ஓரங்குல அகலம். கட்டர் கையில் இல்லை என்பதால் கடைத் தராசிலேயே ஒரு மீட்டரை மடித்துப் போட்டோம். 58 அங்குல அகலத்துக்கு 80 கிராம் காட்டியது. 54 ஜிஎஸ்எம்தான். கிலோ விலைக் கடையில் மெல்லிசுத் துணி வாங்குகிறவன் பாக்கியவான், கிலோவுக்குப் பன்னிரண்டு மீட்டர். மாப்பிள்ளை அங்கேயே நண்பர்களுக்கு போன் போட ஆரம்பித்துவிட்டான்.

தைத்தது எங்கள் தெரு டெய்லர். பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி பதினோரு அடி. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து ஓட்டுத் தையல். பருத்தி நூல் போடாதீர்கள், பாலியெஸ்டர் நூல் போடுங்கள், மெல்லிசான ஊசி, தையல் ரொம்ப நெருங்க வேண்டாம் என்றேன். பொடித் தையலாகப் போட்டால் துணி ஸ்டாம்பு கிழிக்கிற ஓட்டை வரிசையாகிவிடும். அவர் ஒன்றும் பேசாமல் ஊசியை மாற்றினார். இரண்டு தலைப்பிலும் பாவாடைக்கு நாடா கோக்க விடுவதுபோல ஒரு குழாய் விட்டு மூன்று வரித் தையல். அதில் கயிற்றைக் கோத்துச் சுருக்கினால் வேலை முடிந்தது. மொத்தம் 270 கிராம் சொச்சம். ஒரு பேச்சுக்கு வீட்டிலிருந்த அம்மாவின் பழைய சேலை ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். ஐந்தரை மீட்டர், நானூறு கிராமுக்கு உள்ளேதான் இருந்தது.

வெள்ளோட்டம் தங்கச்சி வீட்டு வாசலில், வேம்புக்கும் தென்னைக்கும் நடுவே. மாப்பிள்ளை கட்டியதும் ஏறப் போனான். தங்கச்சி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"இருடா, ஏறாதே! ண்ணா, அரிசிச் சிப்பம் மூணு கெடக்குது, தூக்கிப் போடுங்க மொதல்ல."

இருபத்தைந்து கிலோச் சிப்பம் மூன்று. குழவிக்கல் சமாச்சாரத்தை நான் அவளுக்குச் சொன்னதாக நினைவில்லை. அவளாகத்தான் சொன்னாள். சிப்பங்கள் ஆடின. பட்டை முடிச்சு ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாகக் கட்டினால்தான் மனசு நிறையும். இதில் விரலைவிடக் கணக்குதான் கைகொடுக்கிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் இழுபடுவது ஆளின் எடை அளவு. எழுபது கிலோ ஆளுக்கு எழுபது. பத்தே பாகை இறங்கும்படி விறைத்துக் கட்டினால் அதே ஆளுக்குப் பக்கத்துக்கு 200 கிலோ. துணி மெல்லிசாகப் போகப் போக இந்தக் கணக்கைத் தட்டக்கூடாது. தொய்வு எப்போதும் ஒரே அளவாக இருக்க இரண்டு தலைப்பையும் மேலாக ஒரு கயிற்றால் இணைத்துவிடுகிறார்கள், ஹேமக்கின் நீளத்தில் 83 சதவீதம். பதினோரு அடிக்கு ஒன்பது அடியும் ஓரங்குலமும். படுக்கும்போது நீளவாக்கில் படுக்காமல் கொஞ்சம் கோணலாகக் குறுக்கே படுத்தால் முதுகு வளையாது. கைக்குழந்தைகள் தொட்டிலில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் திரும்பிக்கொள்ளும்.

எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு மார்கழியில் ஏற்காட்டுக்குப் போனோம். 2018-இல் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேர் மாண்ட பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்துவிட்டன. காட்டுக்குள் நினைத்த இடத்தில் ராத்தங்க முடியாது, தங்கவும் கூடாது. தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில் சொல்லிவைத்தோம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. தோட்டக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மிளகுக்கொடி ஏறாத மரமாப் பாத்துக் கட்டுங்க சார்." அந்தத் தோட்டத்தில் கொடி ஏறாத மரமாகவும், பதினைந்து அடி இடைவெளியில் இரண்டிரண்டாகவும் தேடியதில் அரைமணி நேரம் போனது.

ராத்திரி குளிர் மேலிருந்து வரவில்லை, அடியிலிருந்து வந்தது. மெல்லிசுத் துணியின் குணம் அது. உள்ளே எத்தனை கம்பளி விரித்தாலும் உடம்பு எடையில் நசுங்கி, அதற்குள் நிற்க வேண்டிய காற்று போய்விடும். கம்பளியைத் துணிக்கு வெளியே, அடியில், தனியாகத் தொங்கவிட வேண்டும். கட்டிவிட்ட பிறகு முதுகு சூடு பிடித்தது. கொசுவும் ஒற்றைத் துணி வழியாக முதுகில் ஊசி போடும் என்பதால் அதற்கும் அந்தக் கம்பளியே காவல். மாப்பிள்ளை தன் ஹேமக்கிலிருந்து, "மாமா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தூங்க விட்டால்தானே. பனி இறங்கிய பிறகு நைலான் நான் சொன்னபடியே நாலு விரற்கடை தொய்ந்தது. விடிந்ததும் அவன் அதைத்தான் முதலில் அளந்து காட்டினான்.

ஊருக்கு வந்ததும் தங்கச்சி ஒருநாள் மத்தியானம் ஹேமக்கில் ஏறிப் படுத்தாள். எழுப்பப் போனால் எழவில்லை. சாயங்காலம் காப்பி கேட்டு வாங்கிப் படுத்தபடியே குடித்தாள்.

"நல்லாத்தேன் இருக்குது. திரும்பித் திரும்பிப் படுத்தாச் சரசரங்குது, அதான் ஆகல. எனக்குக் காட்டன்ல ஒண்ணு தைச்சுக் குடுங்க."

"காட்டன்னா கனமா வரும், புள்ள. முக்கால் கிலோவுக்குக் குறையாது."

"நான் என்ன, இதை முதுகுல கட்டிக்கிட்டு மலையா ஏறப் போறேன்? வேப்பமரத்துக்கும் தென்னைக்கும்தான?"

மாப்பிள்ளை போனை எடுத்தான், 150 ஜிஎஸ்எம் என்று ஏதோ தட்ட ஆரம்பித்தான். அவள் அவனைச் சட்டை செய்யவில்லை. வர்ற புதன்கிழமை சென்னிமலைக்குப் போகிறோம். பச்சையில் மஞ்சள் கரை போட்ட டபுள் பெட்ஷீட்தான் வேண்டுமாம், கஞ்சி போடாததாக.